டின்னில் விளைந்த சேப்பங்கிழங்கு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்கு மோர் வரவில்லை என்றால்கூடக் கேட்கக் கூசி, வெறும் சாதத்தைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்து நாலு பேர் படிக்க எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் படிக்க வேண்டுமென்று எழுதவில்லை. அந்த நாளில் மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் பாவாடை கட்டித் திரிந்த என் வயதுக்காரிகள் படித்தால் போதும். வாக்கியம் கோணலாக இருந்தால், கோபத்தில் எழுதுகிறாள் என்று விட்டுவிடுங்கள்.

சும்மா இருந்த என்னைக் கிளப்பிவிட்டது மாடி வீட்டுப் பெண். அவள் பிளாஸ்டிக் வாளிகளில் காரட்டும் முள்ளங்கியும் போட்டிருக்கிறாள். போன வாரம் விரல் நீளத்துக்கு ஒரு காரட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்து காட்டினாள். "உங்க காலத்துல இதெல்லாம் ஏது மாமி? இது ஒரு நல்ல ஹாபி" என்றாள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த ஹாபி என்ற வார்த்தை உள்ளே போய்க் குத்திக்கொண்டது. என் அப்பாவும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். "பொழுது போகணுமே, ஏதோ பண்ணிண்டு போறா" என்றார். தன் சொந்தத் தங்கையைப் பற்றி.

அவள் என் அத்தை. அப்பாவுக்கு ரொம்ப இளையவள். கல்யாணமாகிக் கொஞ்ச காலம் அவளும் அத்திம்பேரும் எங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். அப்போது மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்திம்பேரும் அவருடைய அண்ணாவும் சேர்ந்து அங்கே ஒரு மனை வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தார்கள். அந்த அண்ணாவை நான் மாம்பலத்து மாமா என்று கூப்பிடுவேன். பீச் ரோட்டில் ஒரு கம்பெனியில் அப்பாவுக்குக் குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கால் தோண்டின அன்று அத்திம்பேர் ஒரு மாட்டு வண்டி நிறைய மண்ணோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். கறுப்பு மண். ஈரம் காயாமல், குளத்துப் பாசி வாசனையோடு, நடுநடுவே பொடிப்பொடியாக வெள்ளைக் கிளிஞ்சல் மின்னிக்கொண்டு இருந்தது. அத்தை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "வீடு கேட்டா மண்ணைக் கொண்டுவந்து கொட்டறேளே?" என்றாள்.

"வீடு எழும்பற வரைக்கும் மண்ணாவது நம்மகிட்ட இருக்கட்டும். ஏரி மண்ணுடி, இதுல கல்லை நட்டாக்கூட முளைக்கும்" என்றார் அத்திம்பேர்.

அப்பா பக்கத்தில் நின்று பொடி போட்டுக்கொண்டிருந்தார். "கல்லை நட்டு அங்கே வீடுதானே ஓய் முளைக்கப் போறது" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். நான் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் வீட்டுக் கொல்லையில் கிணற்றைச் சுற்றிக் கல் பாவியிருந்தது. ஒரு துளசிக்குக்கூட வெறும் தரை கிடையாது. அதனால் மண் மொட்டை மாடிக்குப் போயிற்று. அத்திம்பேர் பழைய மண்ணெண்ணெய் டின்களை வாங்கி, உள்ளே வைக்கோலைக் கொளுத்தி நாற்றம் போகச் சுட்டு, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, அடியில் ஆணியால் ஓட்டை போட்டார். ஓட்டாஞ்சில்லைப் பரப்பி, அதன் மேல் அந்த மண்ணையும் சாணித் தூளையும் போட்டுச் சேப்பங்கிழங்கை நட்டார். தை மாதம் கிழங்கு வெட்டினார்கள். அத்தை அதை வேகவைத்து உரித்து, இரும்புச் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்தாள். அத்திம்பேர் வறுவலுக்காக இரண்டாம் தடவை சாதம் போட்டுக்கொண்டார். மாசியில் விஷ ஜுரம் வந்து செத்துப்போனார்.

அதற்குப் பிறகு அத்தையை என்ன கோலத்தில் உட்கார்த்தினார்கள் என்று நான் எழுதப் போவதில்லை. நீங்கள் எல்லோரும் உங்கள் வீடுகளில் பார்த்ததுதான். வாசல் பக்கம் வரக்கூடாது, யாராவது வெளியே கிளம்பினால் எதிரே வரக்கூடாது. அவளுக்கு மிஞ்சியது சமையலறையும் மொட்டை மாடியும். மாம்பலத்து வீடு முடிந்ததும், வருஷம் திரும்பாமலே அவர்கள் கிரகப்பிரவேசம் செய்துகொண்டு குடிபோய்விட்டார்கள். அதற்கு எந்த சாஸ்திரமும் குறுக்கே வரவில்லை. அத்தையைக் கூப்பிடவில்லை. அந்த வீட்டில் பாதி அவள் புருஷனுடையது. அவள் எங்கே இருக்கப் போகிறாள் என்று அப்பா ஒரு தடவைகூட அங்கே கேட்கவில்லை.

ஆனி மாதம் அத்தை மாடிக்கு ஏறினாள். அத்திம்பேர் நட்டதிலிருந்து விதைக்கென்று எடுத்து வைத்திருந்த குட்டிக் கிழங்குகளை அதே டின்களில், அதே மண்ணில் நட்டாள். டின் போதாமல், விளிம்பு உதிர்ந்த எனாமல் பேசின் ஒன்றையும், விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடி ஒன்றையும் எடுத்துக்கொண்டாள். அந்தப் பேசினில் நீலப் பூப் போட்டிருக்கும். அதில்தான் எங்களையெல்லாம் குழந்தையில் குளிப்பாட்டியிருக்கிறார்கள்.

சேம்பு தண்ணீர்க் குடியன். காலையும் மாலையும் கிணற்றிலிருந்து இறைத்து இடுப்பில் சுமந்து ஏற வேண்டும். தண்டு உயர உயர, சுற்றிலும் மண்ணை அணைத்துக்கொண்டே வர வேண்டும். இலை யானைக் காது மாதிரி விரிந்து நிற்கும். மேலே ஊற்றின தண்ணீர் ஒட்டாமல் பாதரசம் போல உருளும். நான் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் நிழலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஐப்பசி மழையில் டின்கள் நிரம்பித் தளும்பியபோது, அத்தை கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சாய்த்துத் தண்ணீரை வடித்தாள். கால் விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண்.

பக்கத்து மாடியில் வடாம் பிழிய வரும் மாமி ஒருத்தி உண்டு. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாள் சொன்னாள்: "என்னடி, மிராசுதார் ஆயிட்டியா? குத்தகைக்கு ஆள் வேணும்னா சொல்லு."

அத்தை நிமிராமலே பதில் சொன்னாள். "ஆள் வேண்டாம் மாமி. கிழங்கு வந்ததும் உங்காத்து மோர்க்குழம்புக்கு ரெண்டு தரேன். சித்த நாழி அந்த வாய்க்கும் வேலை இருக்கும்."

மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அந்த வருஷத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த மாடியில் மட்டும்தான். கீழே இறங்கினால் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, அவளும் பேசுவதில்லை. பெரியவர்கள் அதை அடக்கம் என்று நினைத்தார்கள். துக்கம் ஆறிவிட்டது என்று நினைத்தார்கள். அப்பா ஓதம் ஏறின கூரையை அண்ணாந்து பார்த்து, மச்சு வீணாகிறதே என்று முனகுவார். பிறகு அந்தப் பொழுதுபோக்குப் பேச்சு.

பொழுதுபோக்கு இல்லை. மார்கழி முடிகிற சமயத்தில் இலைகள் மஞ்சள் பூத்து ஒவ்வொன்றாகத் தலை சாய்ந்தன. நான் செடி செத்துவிட்டது என்று அழப் போனேன். "அசடே, உள்ளே கிழங்கு முத்தியாச்சுன்னு அர்த்தம்" என்றாள் அத்தை. அப்போதுதான் மெதுவாகச் சொன்னாள்: "மாசியில அவருக்கு வருஷாப்திகம் வரது. மாம்பலத்துலதான் பண்ணுவா. அங்கே எனக்கு ஒரு வேலையும் கிடையாது. சமையல்கூட மாம்பலத்து மன்னிதான். இந்தக் கிழங்கை இலையில போட்டுட்டான்னா போறும். அவர் மண்ணு, அவர் நட்டதோட குட்டி. நானும் அந்த ஆத்துக்காரிதான்னு ஆயிடும்."

அவ்வளவுதான் அவள் கேட்டது. அந்த முதல் வருஷச் சிராத்தத்துக்கு வந்து உட்காரும் பிராமணர்கள் இலையில் ஒரு கறி. உருளைக்கிழங்கு, காரட் மாதிரி சீமைக் காய்கள் சிராத்தத்துக்கு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். சேப்பங்கிழங்கு ஆகும். ஆகும் என்று தெரிந்துதான் அவள் அத்தனை மாசமும் தண்ணீர் சுமந்தாள்.

அந்த நாளும் வந்தது. அம்மா கைக்குழந்தையோடு வீட்டில் தங்கிவிட்டாள். அப்பாவும் அத்தையும் நானும் விடியற்காலையில் ஜட்கா வைத்துக்கொண்டு கிளம்பினோம். அத்தை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கிழங்குக் கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். ஒவ்வொரு கிழங்கையும் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியிருந்தாள். அப்படியும் முளைக்கண் இல்லாத பக்கத்து நாரில் கறுப்பு மண் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜட்காக்காரர் வாயாடி. தேனாம்பேட்டை தாண்டினதும் ஆரம்பித்தார். "இன்னா சாமி, கூடையில இன்னா கீது?"

அத்தை பேசக்கூடாது. அப்பா பேசவில்லை. நான் சொன்னேன்: "சேப்பங்கிழங்கு. எங்காத்து மொட்டை மாடியில விளைஞ்சது."

"மாடியிலயா? அப்பால கூடத்துல நெல்லு நட்டுக்கினு கீறீங்களா?" என்று குதிரையைத் தட்டினார். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மாம்பலத்துப் புதுத் தெருக்களுக்குள் வண்டி திரும்பினதும் சாட்டையால் நாலு பக்கமும் காட்டினார். "இதெல்லாம் முச்சூடும் தண்ணி சாமி. நானு இம்மாத்துண்டா இருக்கசொல்லோ இங்கதான் தூண்டி போட்டுக்கினு குந்திக்கினு இருப்பேன். மீனு இருந்த எடத்துல இப்ப சாமிங்கோ பங்களா கட்டிக்கினு கீறாங்கோ."

"ஆமாம்ப்பா, எல்லாம் ஏரி மண்ணு" என்றார் அப்பா. இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏரி மண் என்று அவர் வாயால் சொன்னார், அன்று காலையில்.

நாங்கள் கொல்லை வழியாகப் போனோம். மாமாவின் பெண்டாட்டி, மாம்பலத்து மாமி, ஈரப் புடவையோடு கோட்டை அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். கூடையைப் பார்த்தாள். "இது எதுக்கு? கொத்தவால் சாவடியிலேர்ந்து எல்லாம் வாங்கியாச்சே."

"இது அவர் நட்டதோட வித்து மன்னி. நான் போட்டு எடுத்தது. ஒரு பிடி சேர்த்துக்கோங்கோ, போறும்" என்றாள் அத்தை.

"எதுல போட்டே? அந்த மண்ணெண்ணெய் டின்னுலயா?" மாமி இரண்டடி தள்ளி நின்றாள். "அவரைக்காய் புடலங்காய்ன்னாலும் போறதுன்னு விடலாம், மேலே காய்க்கறது. கிழங்கு உள்ளேயே கிடந்து ஊறினதாச்சே. பூமியிலயே படாத கிழங்கைப் பித்ருக்களுக்குப் போடச் சொல்றியா?"

அவள் அதைச் சொன்னபோது, அவளுக்குப் பின்னால் கிணற்றடியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்ததும் ஒரு மண்ணெண்ணெய் டின்தான். பெரியவர்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

சத்தம் கேட்டு மாமா ரேழியிலிருந்து வந்தார். அன்று காரியம் செய்கிற கர்த்தா அவர்தான். பஞ்சகச்சம், விரலில் பவித்திரம். சிராத்தம் பண்ணிவைக்க வந்த வாத்தியாரையே கேட்டுவிடலாம் என்றார். வாத்தியார் மணையில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டார். அந்த மனுஷர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சண்டைக்கு வழி தேடவில்லை.

"பாத்திரம் எதுவா இருந்தா என்ன? சுட்டுத் தேய்ச்சாச்சுன்னா சுத்தம்தான். மண்ணு எந்த மண்ணுங்கறதுதான் கேள்வி. சாக்கடை ஓரத்து மண்ணு, கண்ட இடத்து மண்ணுன்னா வேண்டாம். எடுத்த இடம் நல்ல இடம்னா போடலாம். இந்த ஆத்து மனையோட மண்ணாவே இருந்தா பேச்சே இல்லை. கர்த்தா பூமியில விளைஞ்சதுன்னே வெச்சுக்கலாம்."

கதவுக்குப் பின்னால் அத்தை நின்றிருந்தாள். நான் அவள் பக்கத்தில். அவள் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குத் தெரிந்தது. நடந்துவிட்டது என்று நினைத்தாள். நானும் நினைத்தேன். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதுவும் உண்மையைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

மாமா அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஏன் ஓய், உம்ம மச்சுலதானே இருக்கு. எந்த மண்ணு அது?"

அப்பா அங்கவஸ்திரத்தின் நுனியை இடக்கையில் சுற்றினார். அவிழ்த்தார். திரும்பச் சுற்றினார். "என்னமோ... எவனோ வண்டிக்காரன் கொண்டுவந்து கொட்டினான். எனக்கென்ன தெரியும்" என்றார்.

உள்ளிருந்து அத்தை "அண்ணா" என்றாள். கெஞ்சவில்லை. கூப்பிட்டாள், அவ்வளவுதான். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். "இல்லேப்பா, இந்த ஆத்து மண்ணுதான். கடைக்கால் தோண்டின அன்னிக்கு அத்திம்பேர் கொண்டுவந்தார். கல்லை நட்டா வீடு முளைக்கும்னு நீகூடச் சொன்னியே" என்றேன்.

மாமா என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கனாக் கண்டுட்டு உளர்றது. அப்போ இதுக்கு என்ன வயசு, என்ன தெரியும்?" என்றார் அப்பா. என் பக்கம் திரும்பி, "போ, கிணத்தடியில போய் உக்காரு. கூப்பிடற வரைக்கும் வராதே" என்றார்.

"பொண் குழந்தைக்கு இத்தனை வாய் ஆகாது. இப்பவே கிள்ளணும்" என்றாள் மாமி. கிள்ளியும்விட்டாள், தொடையில். சிராத்தச் சமையலுக்கு மடியோடு இருக்கிறவள் என்னைத் தொட்டால் திரும்பக் குளிக்க வேண்டும். குளித்தாலும் பரவாயில்லை என்று கிள்ளினாள்.

கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டுக் கொல்லையில் கல் பாவவில்லை. வாழைக் கன்றைச் சுற்றிக் கொத்தியிருந்த இடத்தில் கறுப்பு மண். நடுநடுவே வெள்ளைக் கிளிஞ்சல். ஒரு பிடி அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்து பார்க்க யாரும் இல்லை.

அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது, புரிவதனால் கோபம் குறைவதாக இல்லை. இந்த வீட்டு மண் என்று ஒப்புக்கொண்டால், அதைக் கொண்டுவந்தவன் யார், அவனுக்கு இங்கே என்ன பாத்தியதை, அவன் பெண்டாட்டி ஏன் மயிலாப்பூரில் கிடக்கிறாள் என்று பேச்சு நீளும். மாமா முகம் சுளிப்பார். பீச்சுக் கம்பெனி வேலை அவர் கையில். இத்தனையையும் அந்த அங்கவஸ்திரத்தைச் சுற்றி அவிழ்க்கிற நேரத்துக்குள் அப்பா யோசித்து முடித்துவிட்டார். பிற்காலத்தில், வயதாகிப் படுக்கையில் இருந்தபோது, "என் தங்கைக்கு நான் அண்ணா இல்லை, அப்பா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவேன். அலுப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பிராமணர்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். கொத்தவால் சாவடிச் சேப்பங்கிழங்கை நன்றாக இருந்தது என்றார்கள். அத்தை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கிளம்புகிற சமயத்தில் மாமி, "அந்தக் கூடையை மாட்டுக்குக் கொட்டிட்டுப் போ" என்றாள். அத்தை கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "மாட்டுக்கு இல்லை மன்னி. எனக்கு" என்றாள். வாசலில் மாமா அப்பாவிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது: "அந்த டின்னையெல்லாம் முதல்ல தூக்கிப் போடும் ஓய். மச்சும் பாழ், கண்டவா வாயும் பாழ்." அப்பா ஆகட்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை குளித்து, அடுப்பை மூட்டி, கூடைக் கிழங்கு அத்தனையையும் வேகவைத்தாள். அம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை. அப்பா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வெந்ததை அத்தை மாடிக்குக் கொண்டுபோனாள், நானும் போனேன். முதல் கிழங்கை உரித்துக் கைப்பிடிச் சுவரில் வைத்து, "கா கா" என்று கூப்பிட்டாள். காக்கை வரவில்லை. பொழுது சாய்ந்து எல்லாம் கூட்டுக்குப் போய்விட்டன. அதில் வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அத்தை உட்கார்ந்தாள். கிழங்கு எடுத்த டின்கள் சுற்றிலும் வெறும் மண்ணோடு நின்றன. உரித்து உரித்து எனக்குக் கொடுத்துத் தானும் தின்றாள். சூடாக, கொழகொழவென்று, மண் வாசனையோடு இருந்தது.

"உப்புப் போட மறந்துட்டேன்" என்றாள். பிறகு என் தொடையில் கன்றியிருந்த இடத்தைப் பாவாடைக்கு மேலேயே தடவிக் கொடுத்தாள். "நீ சொன்னது என் காதுல விழுந்தது" என்றாள்.

அன்றைக்குப் பிறகு பெரியவர்கள் நடுவில் நான் வாயைத் திறந்ததில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் திறக்கிறேன். ஆகையால் சொல்லிவிடுகிறேன், இன்னொரு தடவை. அது அந்த வீட்டு மண்.

மறுநாள் அப்பா ஆபீசுக்குப் போகுமுன் இரண்டு ஆட்களை வைத்து டின்களைக் கீழே இறக்கினார். டின்களையும் பேசினையும் பழைய இரும்புக்காரன் எடுத்துக்கொண்டு போனான். மண்ணைத் தெருவிலிருந்த பள்ளத்தில் கொட்டி மிதித்தார்கள். மத்தியானம் புழுதி அடக்குகிற தண்ணீர் வண்டி அதன் மேல் ஏறிப் போயிற்று.